இமாராவின் ஒற்றைப் புருவம்

மாலைதீவு
21.01.2024

அன்புள்ள ஜெயா,

நான் இங்கு சுகம். நீயும் அம்மாவும் அங்கு சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் எப்படி? பதுளைக்கு வேலைக்குப் போகிற நாளில் மருந்தை மறக்காமல் வாங்கி வந்து கொடு.

வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேசுகிறோம், பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். லீவில் போகிற ஓர் ஆசிரியரிடம் இந்த உறையைக் கொடுத்து, கொழும்பில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். இதற்குள் நான் எழுதும் நாவலின் முதல் அத்தியாயம் இருக்கிறது. சிரிக்காதே.

இந்தத் தீவுகளைச் சோழர்கள் பிடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது என்று பத்து வருடமாக ஊரில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். இங்கே வந்து கடலைப் பார்த்தபோதுதான் கேட்கத் தோன்றியது. ஏன் இதோடு நின்றார்கள்? இன்னும் தெற்கே, கிழக்கே போயிருந்தால்? வெள்ளைக்காரன் போவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே அவுஸ்திரேலியாவில் புலிக்கொடி ஏறியிருந்தால்? இதை நான் ஸ்டாஃப் ரூமில் சும்மா சொன்னேன். கணக்குப் படிப்பிக்கிற றமீலா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நம் நாட்டுச் சம்மாந்துறைக்காரர். எந்த மாதம் எந்தக் காற்று வீசும் என்று தேடிப் பார்த்து, கப்பல் போகும் வழியைக் கோடு போட்டுத் தந்தார். ‘செம்மண் நாடு’ என்ற தலைப்பும் றமீலா டீச்சர் சொன்னதுதான்.

யோசித்துப் பார் ஜெயா. அப்படி நடந்திருந்தால் கூலிக்கு வந்தவர்களின் பேரன் என்று என்னை எவன் சொல்லியிருப்பான்?

கொழும்பில் ஒரு பதிப்பகம் நாவல் போட்டி வைத்திருக்கிறது. செப்டெம்பர் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். கடையில் ஓய்வு கிடைக்கும்போது டைப் செய்து வை. உன்னைவிட வேகமாகத் தமிழ் டைப் செய்ய ஊவா மாகாணத்திலேயே ஆள் இல்லை.

அன்புடன்,
துவாரகன்

*

தெமோதரை
18.02.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் சுகத்தை அறிந்து சந்தோஷம். நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. போனில் பேசும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதால் நானும் எழுதுகிறேன்.

அத்தியாயத்தை ஸலீம் நானாவின் அச்சுக் கடையில் வைத்தே டைப் செய்தேன். இரண்டு மரண அறிவித்தலுக்கும் ஒரு கல்யாணக் கார்டுக்கும் நடுவில் சோழர் கப்பல் புறப்பட்டுப் போனது. நன்றாக இருக்கிறது அத்தான், பொய் சொல்லவில்லை. புயல் வருகிற இடத்தில் கைவேலையை விட்டுவிட்டு வாசித்தேன்.

இரண்டு விஷயம். படைத்தலைவன் சாத்தன் புறப்படும்போது அவன் மனைவி நங்கை நாகப்பட்டினத்துக் கரையில் நின்று அழுகிறாள். அழுதுகொண்டே இருக்கிறாள். அவளுக்கு ஒரு வார்த்தை பேச்சுக் கொடுக்கவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் அப்படியா நின்றேன்? “எறங்கினதும் போன் பண்ணுங்க, தூங்கிறாதீங்க” என்று கத்தினேனே, பொலிஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்தது, மேல்தட்டில் நிற்கிற வீரர்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறீர்கள். அடித்தட்டில் யார் இருக்கிறார்கள்? அவ்வளவு பெரிய நாட்டுக்குப் போய்க் காடு வெட்டப் போகிறது யார்? எங்கள் அம்மா இன்னும் கொஸ்லந்தையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், அதனால் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

றமீலா டீச்சருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் மட்டுமே சாப்பிடாதீர்கள்.

ஜெயந்தினி

*

மாலைதீவு
03.04.2024

அன்புள்ள ஜெயா,

சுகமா? இங்கே வெயில் தாங்க முடியவில்லை. வேறு குறை இல்லை. அம்மாவுக்குப் புதுவருடத்துக்குச் சேலை எடுத்துக் கொடு, என் பெயரைச் சொல்லு.

இரண்டாம் மூன்றாம் அத்தியாயங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அடித்தட்டு பற்றி நீ கேட்டதை யோசித்தேன். இது வெற்றியின் கதை ஜெயா. அதில் அழுக்கைக் கொண்டுவந்து கொட்ட வேண்டாம். நங்கைக்கு அடுத்த அத்தியாயங்களில் வேலை இல்லை. அவள் கரையில்தானே இருக்கிறாள்.

கப்பல் செம்மண் நாட்டைத் தொட்டுவிட்டது. அந்த மண்ணின் பெண் ஒருத்தி வருகிறாள். பெயர் இமாரா. அவளை எழுதும்போது பேனா தானாக ஓடியது. வாசித்துவிட்டு எப்படி என்று சொல்லு.

அன்புடன்,
துவாரகன்

*

தெமோதரை
28.04.2024

அத்தானுக்கு,

அனைவரும் நலம். அத்தைக்குச் சேலை பிடித்துவிட்டது. உங்கள் பெயரைச் சொன்னேன்.

டைப் செய்துவிட்டேன். எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இமாரா ஒற்றைப் புருவத்தைத் தூக்கிப் பார்க்கிறாள். சிரிப்பு வந்தால் மணிக்கட்டால் வாயை மறைக்கிறாள். சாத்தன் பிழையாகச் சொல்கிற வார்த்தையைப் பிள்ளைக்குத் திருத்துவது போலத் திருத்துகிறாள். நட்சத்திரத்தைப் பார்த்து வழி சொல்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆயிரம் வருடத்துக்கு முந்திய காட்டில் இப்படி ஒரு பெண் இருந்திருக்கிறாள், சந்தோஷம்.

முதல் கடிதத்தில் றமீலா டீச்சர், றமீலா டீச்சர் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதத்தில் அந்தப் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. றமீலா, இமாரா. அச்சுக்கோர்க்கிறவளின் கண்ணுக்கு எழுத்து மாறி விழுந்தது மாதிரித்தான் தெரிகிறது. நான் கேட்டதற்கும் பதில் இல்லை. பரவாயில்லை, மறந்திருப்பீர்கள்.

சில இடங்களில் சின்னச் சின்னத் திருத்தம் செய்திருக்கிறேன். எழுத்துப் பிழைகள்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஜெயந்தினி

*

மாலைதீவு
10.07.2024

ஜெயா,

நீங்கள் இருவரும் சுகம் என்று போனில் கேட்டேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய பிரதியை நேற்றுத்தான் உட்கார்ந்து வாசித்தேன். எழுத்துப் பிழை திருத்தினாயா? இமாராவுக்கு ஒரு புருஷன் எங்கிருந்து வந்தான்? கையில் ஈட்டியோடு நிற்கிறான்! ஆறு பிள்ளைகள்! அவளுக்கு முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. சாத்தன் அவளிடம் மனம் திறக்கிற நேரத்தில் அவள் பிள்ளைக்குப் பேன் பார்க்கிறாள். வாயே திறக்காத நங்கை, நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு பக்கத்துக்கு ஓலை அனுப்பியிருக்கிறாள். “வீட்டுக் கூரை ஒழுகுகிறது” என்று.

இது என் கதை. நான் எழுதுவதை எழுத்துக்கு எழுத்து டைப் செய்வதுதான் உன் வேலை. முடியாவிட்டால் சொல்லு, வேறு ஆள் பார்க்கிறேன். ஒரு கற்பனைப் பெண்ணோடு உனக்கு என்ன பகை?

அம்மாவைக் கவனித்துக்கொள்.

துவாரகன்

*

தெமோதரை
25.07.2024

அத்தானுக்கு,

நலம். நம் வீட்டுக் கூரையும் உண்மையாகவே ஒழுகுகிறது. போனில் இரண்டு தடவை சொன்னேன்.

கற்பனைப் பெண்ணோடு என்ன பகை என்று கேட்கிறீர்கள். அதே கேள்வியை அத்தையும் கேட்டார். போன ஞாயிறு, “மகன் என்னா எழுதுறான், வாசி பாப்போம்” என்றார். நீங்கள் எழுதியபடியே, என் ஆறு பிள்ளைகளை எடுத்துவிட்டு, வாசித்துக் காட்டினேன். அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

“நல்ல புள்ளையா இருக்காளே” என்றார். “பதவிசா பேசுறா.”

“அவ எந்த ஊர்க்காரியோ அத்தை. வாசலுக்கு வந்தா நீங்க உள்ள விடுவீங்களா?”

“கதையில வர்றவதானே. எழுத்துல இருக்கிற பொம்பளையோட போயி சண்டை போடுறியே, ஒனக்கு என்னா பைத்தியமா?”

அன்றைக்கு அவருக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை. அவரே போட்டுக் குடித்தார். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைக் குடிக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

வேறு ஆள் பார்க்க வேண்டாம். இனி எழுத்துக்கு எழுத்து டைப் செய்கிறேன். கடையில் வேலை அதிகம். றுஷ்தி என்று ஒருவர் கவிதைப் புத்தகம் போடக் கொடுத்திருக்கிறார், அதையும் முடிக்க வேண்டும். மிச்ச அத்தியாயங்களை அனுப்புங்கள்.

ஜெயந்தினி

*

மாலைதீவு
20.08.2024

அன்புள்ள ஜெயா,

நான் சுகம், மனமும் இப்போது லேசாக இருக்கிறது. கூரைக்கு ஆள் பிடித்துப் பழுது பார். கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே.

முடித்துவிட்டேன்! கடைசி அத்தியாயத்தில் சாத்தன் செம்மண் நாட்டுக்கு அதிபதியாகிறான். கோபுரம் எழும்புகிறது. நங்கையையும் கப்பல் அனுப்பி அழைத்துவருகிறான். இடப்பக்கம் நங்கை, வலப்பக்கம் இமாரா, இருவரும் மாலை போடுகிறார்கள். உனக்காகத்தான் நங்கையைக் கொண்டுவந்தேன்.

இந்த உறையை றமீலா டீச்சர் ஊரில் தபாலில் போடுவார். கண்டிராக்டைப் புதுப்பிக்காமல் போகிறார், இனி வரமாட்டார்.

திகதி பிந்தாமல் அனுப்பிவிடு.

அன்புடன்,
துவாரகன்

*

சம்மாந்துறை
08.09.2024

அன்பின் ஜெயந்தினி அக்காவுக்கு,

உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் இறைவன் நல்ல சுகத்தைத் தரட்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. துவாரகன் சேரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தேன். சேர் தபாலில் போடத் தந்த உறையில் உங்கள் கடை முகவரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

சேர் எழுதுகிற அத்தியாயங்களை ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டுவார். முதலில் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கப்பல் போகிற வழியெல்லாம் நான் கணக்குப் பார்த்துக் கொடுத்ததுதான். இமாரா வந்த பிறகு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். என் புருவம், என் மணிக்கட்டு, நான் ஆட்களைத் திருத்துகிற விதம் எல்லாம் அதில் இருந்தன. பிறகு பிள்ளைகளும் எனக்கு இமாரா டீச்சர் என்று பட்டம் வைத்துவிட்டார்கள். “சேர், தயவுசெய்து மாத்துங்க” என்று இரண்டு முறை கேட்டேன். “இது கலை, உங்களுக்கு விளங்காது” என்றார்.

அக்கா, சேர் என்னிடம் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவில்லை, எழுதினார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? தொழிலை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள்தான் டைப் செய்கிறீர்கள் என்று சேர் சொல்லியிருக்கிறார். என் புருவத்தை மட்டுமாவது அந்தக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

துஆவுடன்,
றமீலா

*

பதுளை
17.09.2024

அன்புள்ள றமீலாவுக்கு,

நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தைக் கடையில் பிரித்துவிட்டு, அன்றைக்கு ஒரு மரண அறிவித்தலில் இறந்தவர் பெயரையும் மகன் பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஸலீம் நானா பார்த்துத் திருத்தினார்.

இத்தனை மாதமாக நான் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாது. இமாராவுக்குப் பல்லை உடைத்தேன். என் வீட்டுக்காரர் சத்தம் போட்டதும் வெளியே சரி என்று சொல்லிவிட்டு, உள்ளே வேறு திட்டம் வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் ஆற்றில் ஒரு முதலை வரும். போட்டிக்குப் போகும் பிரதியில் இமாரா முதலைக்குத்தான். அத்தியாயம் பாதி எழுதியும்விட்டேன்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு முதலையால் முடியவில்லை. அதனால் வேறு மாதிரி எழுதினேன். நங்கையைச் சாத்தன் கப்பல் அனுப்பி அழைக்கவில்லை. பஞ்சம் பிடித்த ஊர்களில் ஆள் சேர்க்கிற கங்காணியிடம் பெயர் கொடுத்து, அவள் அடித்தட்டில் வருகிறாள். வாந்தியும் காய்ச்சலுமாக, யாருடைய மனைவி என்று யாருக்கும் சொல்லாமல். இடுப்பில் ஒரு கத்தி, இமாராவுக்காக. இறங்கிய மறுநாள் விடியப் பெரட்டுக்கு நிறுத்துகிறார்கள். ஆட்களை எண்ணிப் பார்த்துக் காடு வெட்ட அனுப்புகிறார்கள். குதிரை மேல் ஒருவன் வருகிறான். எல்லாரும் துரை என்று குனிகிறார்கள். அது சாத்தன். அவன் இவளையும் எண்ணிவிட்டுப் போகிறான், அடையாளம் தெரியவில்லை.

வெட்டி விழுத்திய மரங்களுக்கு அந்தப் பக்கம் இமாரா நிற்கிறாள். அது அவளுடைய காடு. நங்கை கத்தியோடு போகிறாள். இமாரா மண்ணைத் தோண்டி ஒரு கிழங்கை எடுத்து நீட்டுகிறாள். நங்கைக்கு அவ்வளவு பசி. கத்தியால் அதை இரண்டாக வெட்டினாள். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை, விரல்தான் ஓடியது.

உங்கள் புருவத்தை எடுத்துவிட்டேன். மணிக்கட்டையும். கணக்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், கோபிக்காதீர்கள். சாத்தன் எத்தனை மரம் வெட்டினான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும். எப்படி இருப்பீர்கள் என்று இன்னும் உள்ளே அரிக்கிறது.

ஜெயந்தினி

*

மாலைதீவு
15.11.2024

ஜெயா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பதிப்பகத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். ‘செம்மண் நாடு’ தெரிவாகிவிட்டதாம். நான் துள்ளிக் குதிக்கப் போனேன். “அடித்தட்டு அத்தியாயம் ஒன்று போதும் சேர், நடுவர்கள் மூன்று பேரும் அதைத்தான் பேசினார்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் பழைய பாணி” என்றார் அந்த அம்மா. எந்த அடித்தட்டு? என்ன அத்தியாயம்? நன்றி சொல்லிவிட்டு, பிரதியை அனுப்பச் சொல்லி வாங்கி வாசித்தேன். மூன்று தரம் வாசித்தேன்.

யார் எழுதியது அது? நீ எழுதியிருக்க முடியாது. கல்யாணக் கார்டு அடிக்கிற உனக்கு அந்தக் கப்பல் எப்படித் தெரியும்? யார் சொல்லித் தந்தது? அந்தக் கவிஞர் றுஷ்தியா? எத்தனை நாளாக அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறார்? மறைக்காமல் சொல்லு, யார் அது?

அதை எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதப் போகிறேன். என் புத்தகத்தில் இன்னொருவனின் கை இருக்கக் கூடாது.

துவாரகன்

*

தெமோதரை
30.11.2024

அத்தானுக்கு,

நான் நலம். அத்தை நலம். நீங்களும் கொஞ்சம் தூங்கினால் நலமாகிவிடுவீர்கள்.

றமீலாவைப் பற்றி நான் ஒரே ஒரு தடவை ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. நீங்கள் ஒரே கடிதத்தில் யார் யார் என்று எத்தனை தரம் கேட்டுவிட்டீர்கள். நான் பதில் சொல்கிறேன். நான்தான். றுஷ்திக்கு இப்போதுதான் உயர்தரப் பரீட்சை முடிந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் கவிதையில் மூன்று வரிக்கு ஒரு நிலா. அவருக்கு என் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். அழுது முடிந்த பிறகு எனக்கு ஓர் அற்ப சந்தோஷமும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். எட்டு மாதமாக நெஞ்சுக்குள் நான் வைத்திருந்த நெருப்பை நீங்களும் கொஞ்சம் பிடித்துப் பார்த்தீர்களே, அதில் வந்த சந்தோஷம்.

பதிப்பகத்து அம்மாவிடம் நானே பேசினேன். அந்த அத்தியாயம் என்னுடையது என்று சொன்னேன். அதை எடுத்தால் நாவல் இல்லை என்கிறார். வைத்தால் அட்டையில் இரண்டு பெயர் வர வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஒன்று மட்டும். றமீலா எனக்குக் கடிதம் எழுதினார். தன் புருவத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். இதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம்.

ஜெயந்தினி

*

தெமோதரை
12.01.2025

அன்புள்ள றமீலாவுக்கு,

உம்மாவின் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. உங்களுக்கு ஊரிலேயே பாடசாலை கிடைத்ததும் பெரிய சந்தோஷம். எங்கள் வீட்டில் எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் இப்போது மூன்று பேர். அவர் வந்துவிட்டார்.

பதில் வர ரொம்ப நாள் ஆனது. ஒரு நாள் போனுக்கு ஒரே ஒரு வரி வந்தது. “இரண்டு பெயரும் போடட்டும்.” அவ்வளவுதான். டிசம்பர் கடைசியில் லீவில் வந்தார். இறங்கியதும் அத்தைக்குக் கருவாடு, எனக்கு ஒரு கைப்பை. என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. பழுது பார்த்த கூரையை மட்டும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குக் கோபமா ஆறுதலா என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புருவம் சாதாரணமாகத்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழகுதான். அன்றைக்கு முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நேற்றுப் புத்தகம் வந்தது. அட்டையில் துவாரகன், ஜெயந்தினி. அத்தை இரண்டு பெயரையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வாசிடா” என்றார். அவர் எந்த இடத்தை வாசிப்பார் என்று நான் அடுப்படியில் நின்று காது கொடுத்தேன். அடித்தட்டு அத்தியாயத்தைத்தான் எடுத்தார். தன் குரலில், ஒரு எழுத்துத் தவறாமல் வாசித்தார். சாத்தன் குதிரையில் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு மீண்டும் வாசித்தார்.

முடிந்ததும் அத்தை எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, “இத யாருடா எழுதினது?” என்றார்.

அவர் புத்தகத்தை மூடினார். “ரெண்டு பேருந்தாம்மா.”

றமீலா, அந்த அத்தியாயத்தில் அவருடைய ஒரு கமாவும் இல்லை. அந்தப் பாதியைக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எரிந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அத்தை இன்னொன்று கேட்டார்.

“சரி, அந்தப் புள்ள நங்கை, கடைசியில புருசன்கிட்ட போயிச் சேர்ந்தாளா?”

நான் அந்த அத்தியாயத்தைக் கிழங்கோடு நிறுத்திவிட்டேன். அவர் எழுதிய மாலை போடுகிற கடைசி அத்தியாயத்தைப் பதிப்பகத்தார் எடுத்துவிட்டார்கள். அதனால் புத்தகத்தில் பதில் இல்லை. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

நான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

“இன்னும் தெரியல அத்தை. அவரு மொதல்ல அவளை அடையாளம் கண்டுபுடிக்கட்டும்.”

உங்கள் சுகத்தைப் பற்றி எழுதுங்கள்.

ஜெயந்தினி